வலென்சியா ஃபாயாஸா, செவில்லா ஃபெரியாவா?

ஸ்பெயினில் ஆசிரியராக இருந்து வார இறுதி மட்டுமே கையில் என்றால், என் ஓட்டு வலென்சியாவின் பொம்மை எரிப்புத் திருவிழாவான ஃபாயாஸுக்கு. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் 'மாஸ்க்லெதா' வெடி. ஒரு மணி நேரம் முன்னால் போகாவிட்டால் புகை மட்டும்தான் தெரியும். 16ஆம் தேதி காலைக்குள் தெருக்களில் பொம்மைகளை நிறுவிவிடுவார்கள், 19 இரவில் அவை எரியும்: குழந்தைகளுடையவை 8 மணிக்கு, பெரியவை 10 மணியிலிருந்து. தெருவெல்லாம் பட்டாசு, எனவே நைலான் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். வெடியும் எரிப்பும் பார்ப்பது இலவசம், விடுதி அறைதான் விலை ஏறும்.

செவில்லாவின் வசந்த காலத் திருவிழாவான ஃபெரியா பெரும்பாலும் ஈஸ்டருக்கு இரு வாரம் கழித்து வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. அழைப்பில்லாமல் போனால் வாசலோடு சரி. பொதுக் கூடாரங்கள் சில உண்டு, கூட்டம் நெரியும். சக ஆசிரியர் யாராவது அழைத்தால் மட்டும் செவில்லாவுக்குப் பயண டிக்கெட் எடுங்கள்.