தொட்டிச் செடியோடு ஒரு சண்டை: மஞ்ச்கின் சீட்டுப் பெட்டி

மஞ்ச்கின் பெட்டியை நான் விளையாடுவதற்காக வாங்கவில்லை. அதிலிருக்கும் பூதங்களின் பெயர்களுக்காக வாங்கினேன். எங்கள் அடுக்ககத்து ஆண்டு விழாவில் பிள்ளைகள் நாடகத்தை எழுதித் தருவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. இந்த முறை சூப்பர் ஹீரோக்களைக் கிண்டல் செய்யும் நாடகம்தான் வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்து, கையோடு ஒரு பெயர்ப் பட்டியலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பஜ்ஜி மேன், சூப்பர் சுண்டல், முருங்கைக்காய் மேன். வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. சரி, முருங்கைக்காய் மேன் மேடைக்கு வந்து என்ன செய்வான் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. இந்த இடத்தில் உதவும் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னதுதான் மஞ்ச்கின்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருக்கும் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட விளையாட்டு இது. படம் வரைந்தவர் ஜான் கோவாலிக். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி, ஆளுக்கொரு வேடம் ஏற்று பாதாள அறைகளில் பூதங்களோடு மோதுகிற விளையாட்டுகள் அங்கே ஏராளம். அதில் கதை எக்கேடு கெட்டால் என்ன, எனக்கு எத்தனை ஆயுதம் சேர்ந்தது, எத்தனை லெவல் ஏறியது என்று மட்டும் பார்க்கும் ஆட்களை மஞ்ச்கின் என்று கேலியாகச் சொல்வார்கள். அந்தப் பேராசைக்காரர்களையும், அவர்கள் விளையாடும் விளையாட்டையும் சேர்த்துக் கிண்டல் செய்வதுதான் இந்தப் பெட்டி. உள்ளே 168 கார்டு, ஒரு டைஸ், ஒரு விதித்தாள். பலகை கிடையாது.

விளையாடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவு கார்டு ஒன்றைத் திறக்க வேண்டும். பூதம் வந்தால் சண்டை. நம் லெவலும் ஆயுத பலமும் சேர்ந்து பூதத்தின் லெவலைத் தாண்டினால் ஜெயம். நமக்கு ஒரு லெவல் ஏறும், புதையல் கார்டும் கிடைக்கும். தாண்டாவிட்டால் யாரிடமாவது உதவி கேட்டுப் பேரம் பேசலாம், இல்லை டைஸ் உருட்டி ஓடலாம். ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் தப்பிக்க முடியும். நாம் ஜெயிக்கப்போகும் நேரம் பார்த்துப் பக்கத்திலிருப்பவர் ஒரு கார்டைப் போட்டுப் பூதத்தைப் பெரிதாக்கிவிடலாம். பத்தாவது லெவலை முதலில் தொடுபவர் வென்றார். அவ்வளவுதான்.

இனிப் பெயர்கள். பெட்டியிலேயே மிகச் சின்னப் பூதங்களில் ஒன்று தொட்டிச் செடி. முதல் லெவல். அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஓட நினைத்தால் டைஸே உருட்ட வேண்டாம், தானாகத் தப்பித்துவிடலாம். உச்சியில் நிற்பது புளூட்டோனியம் டிராகன், இருபதாவது லெவல். இரண்டையும் ஒரே கட்டில் கலந்து வைத்திருக்கிறார்கள். வாளும் கவசமும் எல்லாம் மாட்டிக்கொண்டு பதைபதைப்போடு கதவைத் திறந்தால் தொட்டிச் செடி நிற்கும். லீவுக்கு வந்திருந்த என் அண்ணன் மகனுக்கு முதல் ஆட்டத்திலேயே அதுதான் வந்தது. “அத்தை, இதை அடிச்சு லெவல் ஏறினேன்னு வெளியில சொல்லிடாதீங்க” என்றான்.

ஆனால் பெயரைப் படித்ததும் வரும் சிரிப்பு ஒரு ஆட்டத்துக்குத்தான் தாங்கும். மறுபடி மறுபடி சிரிக்க வைப்பவை, பெயருக்கு ஏற்ற விதியும் உள்ள கார்டுகள். ‘வக்கீல்’ என்றொரு பூதம் இருக்கிறது. ஆறாவது லெவல். திருடன் வேடத்தில் இருப்பவரை அது தாக்காது, ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரு மரியாதை என்று காரணமும் போட்டிருக்கிறார்கள். ‘இன்சூரன்ஸ் ஏஜென்ட்’ பதினாலாவது லெவல். அவரோடு மோதும்போது நம் லெவல் கணக்கில் வராது, கையிலிருக்கும் பொருட்களின் பலம் மட்டும்தான். தோற்றால் சாவு கிடையாது. ஆயிரம் பொற்காசு பெறுமான பொருட்களை இழந்து பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் கார்டுக்கு அதிகம் சிரித்தவர் என் அப்பா. ஏன் என்பதை அவருடைய பழைய பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

‘3,872 ஆர்க்குகள்’ என்று ஒரு கார்டு. ஆர்க் என்பது இந்த வகைக் கதைகளில் கூட்டமாக வரும் முரட்டு அரக்கர் இனம். பத்தாவது லெவல். பெயரில் நகைச்சுவை என்று தனியாக எதுவும் இல்லை, அந்த எண் ஒன்றைத் தவிர. ஆயிரம் என்றோ லட்சம் என்றோ போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள் என்ற நினைப்புதான் சிரிக்க வைக்கிறது. இதை நான் அப்படியே திருடிக்கொண்டேன். நாடகத்தில் எங்கள் கொசுப்படைக்கு 4,316 என்று எண் வைத்தாயிற்று.

என் மனத்துக்கு மிகப் பிடித்தது கஸீபோ. எங்கள் அடுக்ககத் தோட்டத்தில் ஒன்று இருப்பதால் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கூரை போட்ட, நாலு பக்கமும் திறந்த, மாலையில் தாத்தாக்கள் உட்காரும் அதே மண்டபம்தான். அந்தப் பக்கத்து விளையாட்டுக்காரர்களிடையே ஒரு பழைய கதை உண்டு. குன்றின் மேல் ஒரு கஸீபோ தெரிகிறது என்று ஆட்டத்தை நடத்துபவர் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிராத ஒருவர் அது ஏதோ பயங்கர மிருகம் என்று நினைத்து அம்பு விடுகிறார். அது அசையவே இல்லை, பயம் இன்னும் கூடிவிடுகிறது. அந்தக் கதையைத்தான் எட்டாவது லெவல் பூதமாக ஆக்கியிருக்கிறார்கள். விதி என்ன தெரியுமா? யாரும் உங்களுக்கு உதவக்கூடாது, கஸீபோவைத் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டும்.

சாபக் கார்டுகளிலும் இதே கைவரிசைதான். ‘தலையில் கோழி’ விழுந்தால் நாம் உருட்டும் எல்லா டைஸிலும் ஒன்று குறையும். வேறு ஏதாவது சாபம் வந்து நம் தொப்பியைப் பறித்தால், தொப்பியோடு கோழியும் போய்விடும். இந்தத் தர்க்கத்தை எழுதியவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது நம் புராணக்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான். பஸ்மாசுரன் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. யார் தலையில் கைவைத்தாலும் சாம்பலாகும் வரம், கடைசியில் தன் தலையிலேயே தன் கையை வைத்துக்கொண்ட முடிவு, எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடக்கம். கும்பகர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்வது குடம்போன்ற காதுகளை. ஆனால் நமக்கு ஞாபகம் இருப்பது தூக்கம் மட்டும். அந்தக் காதுகளுக்குக் கதையில் ஒரு வேலையும் கொடுக்காததால் வந்த வினை.

பெட்டியில் எடுபடாத கார்டுகளும் நிறைய. ‘புல்ராக்’, ‘வைட் பிரதர்ஸ்’ போன்றவை வெறும் எழுத்து விளையாட்டு. விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களை ஓர் எழுத்து மாற்றிப் பேயாக்கியிருக்கிறார்கள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் அடுத்த கார்டுக்குப் போய்விட்டார்கள். ‘பதினோரடிக் கம்பு’ என்ற ஆயுதம், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எல்லோரும் வாங்கித் தூக்கிக்கொண்டு அலையும் பத்தடிக் கம்பைச் சீண்டுவது. மூலத்தைத் தெரியாதவருக்கு அது வெறும் நீளமான கம்பு. ஓரிரு கார்டுகளில் பெரியவர்களுக்கான நகைச்சுவை இருந்தது. பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்பே எடுத்து வைத்துவிட்டேன்.

பெயர் வைக்கப் பழகுபவர்களுக்கு இந்தப் பெட்டியின் உண்மையான புதையல், பூதத்தோடு ஒட்டிப் போடும் கார்டுகள். ‘குட்டி’ என்பதைப் போட்டால் பூதத்துக்கு ஐந்து லெவல் குறையும். ‘கோபம் கொண்ட’ ஐந்து கூட்டும். ‘பழம்பெரும்’ பத்து கூட்டும். ஆக, ஆட்டம் நடக்கும்போதே நாமே பெயர் சூட்டிக்கொண்டிருப்போம். பழம்பெரும் தொட்டிச் செடி என்றால் திடீரென்று பதினோராவது லெவல். பரம்பரை பரம்பரையாக யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள் என்று அண்ணன் மகன் உடனே அதற்கு ஒரு குடும்பக் கதையே கட்டிவிட்டான். கோபம் கொண்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தபோது அப்பா எழுந்து போய்விட்டார்.

நாடகத்துக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். கேப்டன் கேன் வாட்டர் எங்கள் கதாநாயகன். தோளில் எப்போதும் இருபது லிட்டர் கேன் இருக்கும். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் மூன்றாவது மாடிக்கு மேல் அவனுக்குச் சக்தி கிடையாது. ஓடிபி அசுரனுக்கு ஆயுள் பத்தே நிமிடம்; அதுவரை ஒளிந்துகொண்டிருந்தால் போதும், தானே காலாவதியாகிவிடுவான், ஆனால் யாராவது ‘மறுபடி அனுப்பு’ என்று வாய்தவறிச் சொன்னால் புதிதாக ஒருவன் வருவான். மெயின்டனன்ஸ் முனி ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி மட்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றுக்கும் பெயரைச் சொன்னதுமே காட்சி தானாக வந்தது. பஜ்ஜி மேனைப் பிள்ளைகள் கைவிட மறுத்தார்கள். மழை பெய்தால் மட்டும் தோன்றுவான், ஆறிப்போவதற்குள் சண்டையை முடிக்க வேண்டும் என்று விதி போட்டபின் அவனும் தேறிவிட்டான்.

சூப்பர் ஹீரோ கிண்டலுக்கென்றே 2005இல் சூப்பர் மஞ்ச்கின் என்று தனிப் பெட்டியும் வந்திருக்கிறது. தோழியிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். முதல் பெட்டியில் நாம் ஏற்கும் எல்ஃப், ட்வார்ஃப் போன்ற கற்பனை இனங்களுக்குப் பதிலாக அதில் விதவிதமான சக்திகள். தலைப்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க காமிக்ஸ் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் அதன் கிண்டல் முழுதாகப் பிடிபடும் என்று தோன்றியது. முதல் பெட்டியின் வக்கீலுக்கும் தொட்டிச் செடிக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

விளையாட்டாகப் பார்த்தால் மஞ்ச்கினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒருவர் ஒன்பதாவது லெவலுக்கு வந்துவிட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்து அவரை மடக்குவார்கள். அந்தச் சுற்று முடிந்ததும் அடுத்தவர் ஒன்பதுக்கு வருவார், அவரையும் மடக்குவார்கள். கடைசி இரண்டு லெவலுக்கு முதல் ஏழு லெவலை விட அதிக நேரம் போகும். எழுத்தும் பொடி, அப்பாவுக்கு ஒவ்வொரு கார்டையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் மட்டும் என்றால் உதவி, பேரம், காலை வாருவது எதுவுமே நடக்காது, வாங்க வேண்டாம். நாலு பேர் நல்ல எண்ணிக்கை. ஆறு பேர் என்றால் உங்கள் முறை வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்.

வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை கொஞ்சம் உறைக்கும். விலை பாதியாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் தோழி வாங்கியது கள்ளப் பிரதி. கார்டின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று மாறி, எது கதவு எது புதையல் என்றே சந்தேகம் வருகிறது. படித்து உடனே புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் வரும், பத்து வயது தாண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அசல் பெட்டியையே வாங்குங்கள். கூடுதல் பெட்டிகள் வரிசையாக விற்கிறார்கள். முதல் பெட்டியின் பெயர்கள் தீர்ந்துபோகும்வரை அவற்றுக்கு அவசரம் இல்லை.