பல்ஸ்ஆடியோவா, பைப்வயரா, புது சவுண்ட் கார்டா? லினக்ஸில் சத்தம் விக்கினால் எதை மாற்றுவது

பாட்டு நடுவில் விக்குகிறதா, தொடங்கும்போது 'டப்' என்று தட்டுகிறதா, ஓயாமல் உறுமுகிறதா? முதலில் இதைக் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பிரித்துப் பார்க்காமல் மதுரை டவுன் ஹால் ரோட்டில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி வந்தால், பெரும்பாலும் அதிலும் அதே விக்கல்தான் கேட்கும்.

விக்கல் என்பது அடுத்த ஒலித் துண்டு கார்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராததால் வருவது. அந்தத் துண்டுகளைச் செயலிகளிடம் வாங்கிக் கார்டுக்கு அனுப்பும் சவுண்ட் சர்வர்கள்தான் பல்ஸ்ஆடியோவும் பைப்வயரும். இரண்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். உபுண்டு 22.10, லினக்ஸ் மின்ட் 22 முதல் பைப்வயர்தான் வருகிறது. உபுண்டு 22.04, மின்ட் 21 போட்ட வீட்டு மெஷின்களில் பல்ஸ்ஆடியோ இருக்கும்.

கார்டு எதுவரை வாசித்திருக்கிறது என்று டைமரை வைத்துக் கணித்துத்தான் பல்ஸ்ஆடியோ அடுத்ததை நிரப்பும். சில ஆன்போர்டு சிப்புகளின் டிரைவர் அந்த இடத்தைச் சரியாகச் சொல்லாது. கணக்குத் தப்பி, சத்தம் அறுபடும். இடிசி அடைவில் பல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'டீஃபால்ட்' கோப்பைத் திறந்து, 'யூடெவ் டிடெக்ட்' மாட்யூலை ஏற்றும் வரியின் கடைசியில் டிஷெட் (tsched) மதிப்பை 0 என்று சேருங்கள். லாக்-அவுட் செய்து திரும்ப வந்தால், டைமரை விட்டுவிட்டுக் கார்டே அனுப்பும் இன்டரப்ட் என்ற சிக்னலை நம்பும். பழைய டெஸ்க்டாப்புக்கு இது போதும். போதவில்லை என்றால், அடுத்து எங்கே கோளாறு என்று பல்ஸ்ஆடியோ எளிதில் காட்டாது.

பைப்வயர் காட்டும். அதனால்தான் எங்கள் ஓட்டு அதற்கு. டெர்மினலில் 'பிடபிள்யூ-டாப்' ஓட்டிக்கொண்டு பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் பிழைகளை எண்ணும் 'ஈஆர்ஆர்' பத்தியில் எண் ஏறினால், பஃபர் (முன்கூட்டியே நிரப்பி வைக்கும் ஒலி) பற்றவில்லை. வழக்கமான அளவு 1024 சாம்பிள். நொடிக்கு 48000 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 21 மில்லி செகண்ட். 'பிடபிள்யூ-மெட்டாடேட்டா' கட்டளையால் ஃபோர்ஸ் குவான்டம் மதிப்பை (குவான்டம் என்பது இந்த பஃபர் அளவுதான்) 2048 ஆக்குங்கள். சுமார் 43 மில்லி செகண்ட் கிடைக்கும். ரீஸ்டார்ட் வேண்டாம், 0 கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். படம் பார்க்க இந்தத் தாமதம் தெரியாது. மைக்கில் பாடி ஹெட்போனில் தன் குரலையே கேட்பவருக்கு உறுத்தும். வீடியோ கால் ஓடும்போது மட்டும் விக்கினால், அந்தச் செயலி சின்ன பஃபர் கேட்கிறது என்று சந்தேகியுங்கள். 'மின்' (மினிமம்) குவான்டத்தை 1024 என்று நிரந்தரமாக வையுங்கள். பிழை எண் ஏறாமல் விக்கினால் இணையத்தையோ புளூடூத்தையோ பாருங்கள்.

பழைய உபுண்டுவில் பைப்வயருக்கு மாறும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பல்ஸ்ஆடியோவின் சர்வீஸையும், அதைத் திரும்ப எழுப்பிவிடும் சாக்கெட்டையும் சேர்த்தே அணைக்க வேண்டும். இரண்டு சர்வரும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொண்டால் சத்தமே வராது. பைப்வயருக்கான புளூடூத் பேக்கேஜைத் தனியாகப் போடாவிட்டால் ஹெட்செட் இணையாது.

மதுரையில் கத்திரி வெயிலுக்கு மட்டும் விக்கும் லேப்டாப்புகளும் உண்டு. சூடேறினால் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த சர்வரை மாற்றினாலும் அது தீராது. ஃபேனில் அடைத்த தூசியை எடுங்கள்.

பாட்டு தொடங்கும்போதும் நின்ற சில நொடியிலும் 'டப்' என்று கேட்டால், கார்டு தூங்கி விழிக்கிறது. இன்டெல் ஹெச்டிஏ டிரைவரின் பவர் சேவ் மதிப்பை டிரைவர் அமைப்புகளுக்கான மாட்ப்ரோப் கோப்பில் 0 ஆக்குங்கள். பைப்வயரில் அப்படியும் நிற்காவிட்டால், அதனுடன் ஓடிக் கார்டுகளை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரின் சஸ்பெண்ட் டைம்-அவுட்டையும் 0 ஆக்க வேண்டும்.

உறுமலுக்கு சாஃப்ட்வேரில் வழியில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் உறுமல் உடனே நின்றால் எர்த் சிக்கல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் யூஎஸ்பி கார்டு உதவாது, அதுவும் அதே கம்ப்யூட்டரின் கிரவுண்டில்தானே ஓடுகிறது! கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் 3.5 மி.மீ. ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள்.

மவுஸை நகர்த்தும்போது 'ஈ' என்று இரைந்தால் மட்டும் யூஎஸ்பி கார்டுக்குக் காசு செலவழிக்கலாம். அது கேபினெட்டுக்குள் இருக்கும் மின் இரைச்சல். ஹப் வேண்டாம், பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.