பாறை ஓவியம் பார்க்க வனவிடுதியில் அறை எடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு எடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் மலைப் பகுதிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நாட்டின் பழங்குடி வேட்டைக்காரர்களான சான் மக்கள் வரைந்த பாறை ஓவியங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் பல வருட ஆசை. அதற்காகவே ஒரு சொகுசு வனவிடுதியில் இரவுக்கு 8,500 ரேண்ட் வீதம் இரண்டு இரவுக்கு முன்பணமாகவே கட்டினோம். "எங்கள் நிலத்திலேயே ஓவியப் பாறைகள் பல உள்ளன, தினமும் காலையில் நிபுணர் அழைத்துப்போவார், எல்லாம் கட்டணத்தில் அடக்கம்" என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

கேப் டவுனிலிருந்து கிளான்வில்லியம் வந்து, கணவாய் ஏறி இறங்கி, மண்சாலையில் போய்ச் சேர்ந்தோம். அறையையோ சாப்பாட்டையோ குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரவேற்பறையில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த நிபுணர் வேலையை விட்டு மூன்று மாதமாகிறது. ஓவியப் பாறைகளில் பெரும்பாலானவை பக்கத்துப் பண்ணையில் இருக்கின்றன, அந்த உரிமையாளர் இப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை. இவர்கள் நிலத்தில் இருப்பது ஒரே ஒரு பாறை.

சரி, அதையாவது பார்ப்போம் என்று மறுநாள் காலையில் கிளம்பினோம். வண்டி ஓட்டும் பையன்தான் கூட வந்தான். சாய்ந்து நிற்கும் பாறைக்கு அடியில், காவி நிறத்தில் ஒரு ஈலண்ட் மான், அதன் பின்னால் விரல் உயரத்தில் வரிசையாக மனிதர்கள். மங்கலாக இருந்தாலும் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அதற்குள் அந்தப் பையன் பாட்டிலைத் திறந்து பாறை மேல் தண்ணீரை ஊற்றிவிட்டான்! போட்டோவில் நிறம் எடுப்பாகத் தெரியுமாம். "ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க!" என்று மனைவி கத்தியபோது மான் பாதி நனைந்திருந்தது.

தண்ணீர் பட்டால் பாறைக்குள் இருக்கும் உப்பு கரைந்து மேலே வரும். காய்ந்ததும் ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் படியும், நாளடைவில் பாறையின் தோலே உரிந்துவிடும். இப்படிப்பட்ட ஓவியங்களையும் அவற்றைச் சுற்றி 10 மீட்டர் வரையுள்ள இடத்தையும் அந்த நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பாரம்பரிய வளச் சட்டம் பாதுகாக்கிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமல் விருந்தினரோடு அனுப்பிய நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

மேலாளரிடம் போனால், "நிகழ்ச்சிகள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்று ஒரு விதியைக் காட்டினார். பில்லில் வண்டிக்கு 1,200 ரேண்ட் தனியாக வேறு. அரை மணி நேரம் வாதாடிய பிறகு அதை மட்டும் நீக்கினார்கள். அறைப் பணத்தில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

கிளம்பும் நாளில், அதே பகுதியில் பாறை ஓவியங்களைப் பார்த்தபடி நடக்கும் செவில்லா பாதைக்கு நாங்களே போனோம். அந்தப் பாதைக்கான பண்ணையில் அனுமதிச் சீட்டு வாங்கி, ஆற்றோரமாகச் சுமார் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வில் பிடித்த மனிதன், வரிக்குதிரைக் குட்டி ஓவியங்கள் அங்கே அவ்வளவு அழகு. முதலிலேயே இங்கே வந்திருக்கலாம் என்று மனைவி வருத்தப்பட்டாள்.

எனவே பணம் கட்டும் முன், பாறைகள் யார் நிலத்தில் இருக்கின்றன, நீங்கள் தங்கும் நாட்களில் யார் கூட வருவார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னால் போதாது. விளம்பரப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டித்தான் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். நனைந்த மானின் படத்தை அந்நாட்டுப் பாரம்பரிய வள முகமைக்கும் அனுப்பிவிட்டேன்.