தாமரை இலை ஸ்ப்ரே: ஷூவில் இரண்டே வாரம்

தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இரு என்று மனிதர்களுக்குத்தான் சொல்வார்கள். நான் என் துணி ஷூவுக்குச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கிற ஸ்ப்ரே, டப்பா முழுக்கத் தாமரை இலைப் படம். பிராண்ட் பெயர் வேண்டாம்.

டப்பாவில் சொன்னபடி இரண்டு கோட், காற்றோட்டமான இடத்தில் வைத்து அடித்து (மூக்குக்குள் போகக் கூடாத சமாச்சாரம், கவனம்), ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் குழாயடியில் பிடித்தால் அசந்துவிட்டேன். தண்ணீர் பரவவே இல்லை, முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. கொஞ்சம் சாக்பீஸ் தூளை மேலே தூவி ஒரே ஒரு சொட்டு விட்டேன். சொட்டு போன பாதை மட்டும் கோடு கிழித்த மாதிரி சுத்தம், தூள் எல்லாம் சொட்டோடு போய்விட்டது.

இலையும் இதைத்தான் செய்கிறது. வழவழப்பாக இருப்பதால் ஒட்டவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், நேர்மாறாம். இலை மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிடப் பொடியான மெழுகுக் குழல்கள். சொட்டு அந்த நுனிகளில் மட்டும் உட்காருகிறது, அடியில் பெரும்பாலும் காற்றுதான். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இலைகளைப் பார்க்கும்போது, வழவழப்பான இலைகளைக் கழுவித்தான் வைக்க வேண்டியிருந்தது, சொரசொரப்பான இலைகளில் அழுக்கே இல்லை என்று கவனித்திருக்கிறார். அங்கே பிடித்த நூல்தான் 1999இல் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற, அழுக்கு ஒட்டாத பெயின்ட் வரை வந்தது.

சரி, ஷூவுக்கு வருவோம். இரண்டாவது வாரம் விரல் மடங்குகிற இடத்தில் முதலில் போனது. முத்து சப்பையாகி, அப்புறம் துணி நனைய ஆரம்பித்தது. பக்கவாட்டில் மட்டும் இன்னும் உருளுகிறது. நடுவில் சோப்பு போட்டுக் கழுவியது என் தப்பு, சோப்புத் தண்ணீர் இந்தப் பூச்சு மேலேயும் பரவிவிடும், அதன் பிசுக்கு உள்ளேயே தங்கியும் விடும். ஆனால் மடிப்பில் போனதற்குச் சோப்பு காரணமில்லை, உராய்வுதான். அந்தப் பொடி மேடுகள் தேய்ந்தால் கதை முடிந்தது. இலைக்கும் தேயும், ஆனால் அது உயிரோடு இருப்பதால் மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும். டப்பாக்காரர் இலையின் மேல்தோலை மட்டும் காப்பியடித்திருக்கிறார், அதைப் பழுது பார்க்கிற வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை, அதே ஷூவின் பட்டையில் இருக்கிற வெல்க்ரோவும் செடியைப் பார்த்து வந்ததுதான். 1941இல் ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் ரோமத்தில் ஒட்டிய பர்டாக் முள்காயைப் பார்த்தாராம், நுனியெல்லாம் கொக்கி. நம் நாயுருவி மாதிரி துணியைப் பிடித்துக்கொள்கிற சாதி. நைலானில் அதைச் செய்து முடிக்க வருடக்கணக்கில் ஆனது, ஆனால் என் ஷூவில் நாலு வருடமாகப் பர்ர்ரென்று பிரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூல்பிசிறு சேர்ந்தால் ஊசியால் எடுத்துவிடுவேன், அவ்வளவுதான் பராமரிப்பு. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது: முள்காய் ஒட்டும்போதே காய்ந்து செத்துப்போன பொருள், அதனால் செத்த நைலானும் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆக, ஸ்ப்ரேவுக்கு 5க்கு 2. மாதம் இரண்டு தடவை அடிக்கப் பொறுமை இருந்தால் ஷூவுக்கு வாங்குங்கள், எனக்கு இல்லை. மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மறைப்புத் துணிக்கு அடித்துவிட்டேன். அதை யாரும் தேய்ப்பதில்லை, மடக்குவதில்லை, இரண்டு மாதமாகியும் மழைத் தண்ணீர் இன்னும் முத்து முத்தாகத்தான் உருண்டு விழுகிறது.