சிஸ்கோ 4331: மல்ட்டிகாஸ்ட்டுக்கு நம்பி வாங்கலாம், மோடை மட்டும் நீங்களே முடிவுசெய்யுங்கள்

எங்கள் கல்லூரியில் எட்டு அரங்குகள். ஒவ்வொன்றிலிருந்தும் 6 எம்பிபிஎஸ் வீடியோ கிளம்பி, விடுதியிலும் நூலகத்திலும் உள்ள 40 டிவிகளுக்குப் போக வேண்டும். டிவிக்குத் தனித்தனியாக அனுப்பினால் 240 எம்பிபிஎஸ் ஆகும். ரிச்சி தெருவில் நான் வாங்கிய பழைய 4331 ரூட்டரின் அடிப்படை உரிமமோ 100 எம்பிபிஎஸ் வரைதான் அனுப்பவிடும். ஒரே நகலை அனுப்பி, வழி பிரியும் இடத்தில் மட்டும் ரூட்டர் பிரதியெடுப்பதுதான் மல்ட்டிகாஸ்ட். ஆகவே அதை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் அமைத்துக் கொடுத்தவர்கள் எல்லா இன்டர்ஃபேஸிலும் பிம் (மல்ட்டிகாஸ்ட்டுக்கு வழி அமைக்கும் நெறிமுறை) என்பதன் ஸ்பார்ஸ்-டென்ஸ் மோடைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் நூலகத்தில் யூபிஎஸ் நின்றது. ஆர்பியாக, அதாவது அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் சந்திக்கும் இடமாக இருந்த ரூட்டர் அங்கேதான் இருந்தது. சற்று நேரத்தில் விடுதி டிவிகளில் படம் உறைவதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: சரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

ஒரு வீடியோ ஓடும் மல்ட்டிகாஸ்ட் முகவரிக்குக் குழு என்று பெயர். ஆர்பி தெரிந்த குழுவை ஸ்பார்ஸ்-டென்ஸ் மோட் ஸ்பார்ஸாக, கேட்டவருக்கு மட்டும் அனுப்பும்; ஆர்பி தெரியாத குழுவை டென்ஸாகவே நடத்தும். டென்ஸ் என்றால் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் முதலில் கொட்டும்; வேண்டாம் என்று ப்ரூன் வந்தால்தான் நிறுத்தும். அந்த ப்ரூனுக்கு ஆயுள் மூன்று நிமிடம், பிறகு மறுபடி கொட்டும். 48 எம்பிபிஎஸ் மொத்தமாக வந்தால் விடுதிக்குப் போகும் வயர்லெஸ் இணைப்பு எப்படித் தாங்கும்? ஆர்பி யார் என்று ரூட்டர்களுக்குத் தானாகச் சொல்லும் ஆட்டோ-ஆர்பியின் அறிவிப்புகள் 224.0.1.39, 224.0.1.40 என்ற குழுக்களில் பரவுவதற்காக வந்த மோட் இது. மூன்றே ரூட்டர் உள்ள இடத்தில் ஆட்டோ-ஆர்பிக்கே வேலையில்லை.

எல்லா இன்டர்ஃபேஸிலும் 'ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்' என்று மாற்றினேன். 4331-இன் லூப்பேக் முகவரியை (எந்த ஒரு போர்ட்டையும் சாராத, ரூட்டரின் சொந்த முகவரி) மூன்று ரூட்டர்களிலும் 'ஐபி பிம் ஆர்பி-அட்ரஸ்' கட்டளையில் கொடுத்தேன். எல்லாப் போக்குவரத்தும் எப்படியும் அதன் வழியாகத்தான் போகிறது, ஆர்பியும் அங்கேயே இருப்பதுதான் முறை. அன்றிலிருந்து டிவி கேட்ட குழு மட்டுமே விடுதிப் பக்கம் போகிறது.

இந்த ரூட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழை தேடுவது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 'ஷோ ஐபி எம்ரவுட்' கொடுத்தால் 239.10.1.3 எந்தப் பக்கம் நுழைகிறது, எங்கெல்லாம் வெளியேறுகிறது என்று வரிவரியாகக் காட்டும். உள்ளே வரும் இடமே காலியாக இருந்தால், அனுப்புபவருக்குத் திரும்பும் வழி எது என்று காட்டும் 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் படம் வரவில்லையா? அனுப்பும் மென்பொருளில் டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் பாக்கெட்டின் ஆயுள் எண்) 1 என்று இருக்கலாம். அது முதல் ரூட்டரிலேயே செத்துவிடும். எனக்கு ஒரு முழு நாள் இதிலேயே போனது.

எஸ்எஸ்எம், அதாவது அனுப்புபவரின் முகவரியையும் சொல்லியே குழுவைக் கேட்கும் முறை, இன்னும் எளிது; ஆர்பியே வேண்டாம். ஆனால் அதற்கு, டிவி ரூட்டரிடம் குழுவைக் கேட்கும் நெறிமுறையான ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பு வேண்டும். எங்கள் டிவிகளில் பாதிக்கு இரண்டாம் பதிப்புதான் தெரியும்.

4331 இப்போது புதிதாக விற்பனையில் இல்லை. பழையது வாங்குகிறவர்கள் கடையிலேயே கன்சோல் கேபிளைச் செருகி, 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் த்ரூபுட் லெவல்' என்று தட்டி, 100-ஆ 300-ஆ என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.