தொட்டுப் பார்க்கக் கடை, போட்டுப் பார்க்க வீடு: சென்னையில் துணி வாங்கிப் பழகிய அனுபவம்

“போட்டுப் பார்க்காம எப்படி வாங்குறது?” ஆன்லைனில் துணி வாங்கும் பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். பல வருஷமாக மொபைலிலும் வாங்குகிறேன், தி.நகருக்கும் புரசைவாக்கத்துக்கும் போகிறேன். என் அனுபவத்தில் விஷயம் தலைகீழ். துணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளக் கடைக்குத்தான் போகவேண்டும். அது உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வீட்டைவிட நல்ல இடம் கிடையாது.

கடையில் போட்டுப் பார்ப்பது என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நடந்து கடைக்குள் நுழையும்போதே முதுகு நனைந்திருக்கும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயம் என்றால் ட்ரையல் ரூம் வாசலில் வரிசை நிற்கும். முறை வந்து உள்ளே போனால், வியர்த்த உடம்பில் குர்தி ஒட்டிக்கொண்டு தோளைத் தாண்ட மறுக்கும். அதற்குள் வெளியிலிருந்து கதவைத் தட்டிவிடுவார்கள். கண்ணாடியில் முன்பக்கம் ஒரு பார்வை, திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான். அதை நம்பி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுக்க வேண்டும். நைட்டி, லெகிங்ஸ், உள்பாவாடை எல்லாம் நான் போகும் கடைகளில் போட்டுப் பார்க்க விடுவதே இல்லை. கவரைப் பிரித்து மேலே வைத்துக் காட்டி, “கரெக்டா இருக்கும் மேடம்” என்பார்கள்.

வீட்டில் அவசரம் இல்லை. பார்சலைப் பிரிப்பது வந்த அன்று, போட்டுப் பார்ப்பது மறுநாள் காலை குளித்துவிட்டு. தினமும் போடும் உள்ளாடை, சேரும் என்று நினைத்த லெகிங்ஸ், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பு எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பேன். முதலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவேன். மின்சார ரயிலில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவள் நான். அக்குளில் இழுத்தாலோ மொத்தக் குர்தியும் மேலே ஏறினாலோ அது எனக்கு ஆகாது. அடுத்து தரையில் சம்மணம் போட்டு உட்காருவேன். சைடு ஓப்பன் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். இடுப்பிலேயே ஆரம்பித்தால் காற்றுக்கு விலகும், ரொம்பக் கீழே ஆரம்பித்தால் தொடையைப் பிடிக்கும். கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிற்பேன். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் உள்ளே தெரிகிறதா என்பது கடை விளக்கில் பிடிபடாது. கணவரின் சட்டைக்கும் இப்படித்தான்: நாற்காலியில் உட்காரச் சொல்லி, வயிற்றுப் பக்கத்துப் பட்டன்களுக்கு நடுவே துணி விலகுகிறதா என்று பார்த்த பிறகே டேக்கை அறுக்க விடுவேன்.

அளவு அட்டவணையை நிதானமாகப் படிக்க வேண்டும். உடம்பின் அளவு வேறு, தைத்த துணியின் அளவு வேறு. 38 அங்குல மார்புக்கான குர்தியை விரித்து அளந்தால் 40, 41 இருக்கும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் மூச்சு விட முடியாது. சில ஆப்களில் இரண்டும் அருகருகே இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும். எது என்று பார்க்காமல் ஆர்டர் போட்டால் ஒரு சைஸ் மாறிவிடும். என்னிடம் நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய குர்தி இருக்கிறது. அதைக் கட்டிலில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்து இரட்டிப்பாக்கி, துணி அளவோடு ஒத்துப் பார்ப்பேன். தோளும் நீளமும் அப்படியே. ஆனால் நான் பார்த்த அட்டவணைகளில் அனேகமாக வராத ஒன்று ஆர்ம்ஹோல், அதாவது கை தைத்துச் சேரும் வளைவின் சுற்றளவு. என்னைப்போல மேல்கை சற்றுப் பருத்தவர்களுக்கு அதுதான் தலைவலி: எம் எடுத்தால் கை இறுக்கும், எல் எடுத்தால் தோள் தொங்கும். அதைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தியர்களின் உடம்புக்கென்று ஒரு பொது அளவு முறையை உருவாக்க, மத்திய ஜவுளி அமைச்சகத்துக்காக, ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளை நடத்தும் தேசிய நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியாசைஸ்’ என்ற கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டது. 15 முதல் 65 வயது வரை சுமார் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். இதற்கு ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இது கடை அலமாரி வரை வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு பிராண்டில் எம் போடுகிற நான் இன்னொன்றில் எக்ஸ்எல் தேட வேண்டியிருக்கிறது. இது வாங்குகிறவர்கள் தலையில் தேவையில்லாமல் ஏற்றிய வேலை.

ஆல்ட்டர் செய்துகொள்ளலாமே என்பார்கள். குரோம்பேட்டையில் நான் வழக்கமாகக் கொடுக்கும் டெய்லர் ரெடிமேட் குர்தியைக் கையில் வாங்கியதும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். “பிடிச்சுத் தந்துடலாம்மா. பிரிச்சு விடணும்னா உள்ள துணியே இல்லையே.” தையலை ஒட்டியே வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் அரை அங்குலம்கூட விட முடியாது. அதனால் இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பெரியதை வைத்துக்கொண்டு சின்னதைத் திருப்பி அனுப்புவேன்.

இனி கடையின் பெருமை. அது தொடுவதில் இருக்கிறது, அதை எந்தத் திரையும் தராது. எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. அங்கே போய் ஒரு கோவை காட்டன் சேலையை 80 கவுண்ட்டிலும் இன்னொன்றை 100 கவுண்ட்டிலும் கேட்டு வாங்கி, இரண்டின் முந்தானையையும் விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கவுண்ட் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 100 கவுண்ட் கைக்குள் குழையும், 80 கொஞ்சம் நின்று பேசும். போட்டோவில் இரண்டும் ஒன்றுதான். பட்டு என்றால் கோர்வைச் சேலையை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோத்ததைத் திருப்பிப் போட்டு, இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கலாம், சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேட்கலாம், நிறத்தைக் கடை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். அரக்கும் மெரூனும் என் மொபைலில் ஒன்றுபோலவே தெரிகின்றன, வாசல் வெயிலில் ஒருபோதும் அப்படித் தெரிவதில்லை.

பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவில் ரன்னிங் மெட்டீரியல், அதாவது மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் துணி வாங்கிப் பழகியதும் எனக்கு உதவுகிறது. ரேயான் எப்படி வழுக்கி விழும், பாலியெஸ்டர் கலந்த காட்டன் கசக்கிவிட்டால் எப்படி உடனே நிமிரும் என்று கை கற்றுக்கொண்டது அங்கேதான். இப்போது ஆன்லைனில் துணிக் கலவையைப் படித்தவுடன் கைக்கு ஓரளவு விளங்கிவிடுகிறது. ‘காட்டன் பிளெண்ட்’ என்று மட்டும் போட்டு எத்தனை சதவீதம் என்று சொல்லாதவர்களிடம் நான் வாங்குவதில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கவேண்டியது நான்தானே.

இரண்டு வழியிலும் தெரியாமல் போவது முதல் சலவை. துவைத்துவிட்டால் திருப்ப முடியாது. ரேயான் குர்தி முதல் தண்ணீரிலேயே நீளம் குறையும், அதனால் அதை மட்டும் ஒரு அங்குலம் நீளமாகவே எடுப்பேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம்; கறுப்பும் கருநீலமும் சில மாதங்களிலேயே வெளுத்த மாதிரி ஆகிவிடுகின்றன. அடர் நிறங்களைக் கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ வாட்டரில் முக்கி எடுக்கிறேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது.

திருப்பி அனுப்புவதில் எல்லாம் சுமுகம் என்று சொல்லமாட்டேன். பிக்கப்புக்கு வரும் பையன் “அக்கா, டேக் இருக்கா?” என்று கேட்டுப் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார், அது நியாயம். ஒரு தளத்தில் சுத்த காட்டன் என்று போட்டிருந்தார்கள். வந்த துணியின் உள் லேபிளில் பாலியெஸ்டர். ரிட்டர்ன் கோரிக்கையை நிராகரித்தார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும்; புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். லேபிள் படத்தோடு அவருக்கு எழுதி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தேன். பணம் வந்துவிட்டது. கடைக்காரர்களுக்கும் சட்டம் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். தையல் பிரிந்தது, துணியில் ஓட்டை போன்றவற்றுக்கு இது பொருந்தும். பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பதற்குப் பொருந்தாது. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

விலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 இருந்தது. கடைக்கும் ஆன்லைனுக்கும் வரி ஒன்றுதான், மற்ற வித்தியாசமெல்லாம் தள்ளுபடியும் டெலிவரி கட்டணமும்.

எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி, தோளும் சரியில்லை. தலை வழியாக மாட்டும் நைட்டி அவருக்கு முடியாது, முன்னால் நீளமாக ஜிப் வைத்ததுதான் வேண்டும். கடையில் மடித்து வைத்த கட்டிலிருந்து எடுத்துத் தருவதில் ஜிப் எதுவரை இறங்குகிறது என்றே தெரியாது. ஒரே மாடலில் இரண்டு சைஸ் வரவழைத்து, வீட்டில் அவரே போட்டு ஜிப்பை இழுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்கிறார். ரீஃபண்ட் வரும்வரை இரண்டுக்கும் பணம் முடங்கும், அது பரவாயில்லை. ஆனால் சேலை என்றால் கடையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. 2023இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை ஆகாய நடைபாலம் திறந்த பிறகு, ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமலே அவரை அழைத்துப்போக முடிகிறது. செவ்வாய், புதன் காலையில் கடை திறந்த கையோடு போய்விடுவோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துக் காட்டக் கடைப் பெண்களுக்கும் பொறுமை இருக்கிறது, அத்தைக்கு உட்கார ஒரு ஸ்டூலும் போட்டுத் தருகிறார்கள்.