மழை விட்ட தோட்டத்தில் ஒரு மக்ரோ லென்ஸ்

இலங்கை மலைநாட்டின் தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால், மழை விடுகின்ற அரை மணி நேரம்தான் வாசல் தோட்டத்தைப் படமெடுக்கக் கிடைக்கும். அந்த நேரத்துக்காகவே, சின்னஞ்சிறு பொருள்களை மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் கெனன் ஈஎஃப் 100 மில்லிமீற்றர் எஃப் 2.8 எல் ஐஎஸ் மக்ரோ லென்ஸைப் பழையதாக வாங்கினேன். இரண்டு மழைக்காலம் அதனோடு பழகிய பிறகே இதை எழுதுகிறேன்.

2009இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை 625 கிராம். பொருளை அதன் உண்மையான அளவிலேயே, கமெராவுக்குள் பிம்பம் பதியும் சென்சரில் பதிக்க 30 சென்ரிமீற்றர் வரை நெருங்கலாம். ஆனால் அந்தத் தூரம் சென்சரிலிருந்து அளக்கப்படுவதால், லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ 14 சென்ரிமீற்றரே மிஞ்சும். குவியம் மாறும்போது லென்ஸ் முன்னே நீளாததால், நீர் கோத்து நிற்கும் இலையை இடித்து உதிர்த்துவிடுவோமோ என்ற அச்சம் இல்லை.

இதன் அருமையை ஒரு நீர்த்துளியில்தான் உணர்ந்தேன். கோவா இலையின் ஓரத்தில் தொங்கிய துளிக்குள், பின்னால் பூத்திருந்த டேலியா தலைகீழாகத் தெரிந்தது. துளியின் மேற்பரப்பில் குவித்தபோது பூ மங்கிப்போனது. ஏனெனில் அந்தப் பிம்பம் துளிக்குச் சற்று முன்னால், கமெராவின் பக்கமாக விழுகிறது. தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, உடலை ஒரு நூலளவு பின்னுக்குச் சாய்த்ததும் இதழ்களின் வரிகள்கூடத் தெளிந்தன. இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான்.

நடுக்கத்தைத் தணிக்கும் ஐஎஸ் வசதியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதாரண தூரத்தில் 4 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தின் இரு மடங்கு) வரை உதவும் அது, முழு நெருக்கத்தில் 2 ஸ்டொப் அளவாகக் குறைந்துவிடும். உடல் முன்னும் பின்னும் அசைவதை அதனால் சரிசெய்யவும் முடியாது. ஆகவே ஈர மண்ணில் முழந்தாளிட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றித்தான் எடுக்கிறேன். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்லது.

மழை விட்டதும் வேலியின் உச்சிக்கு வெயில் காய வருகின்ற, மலைநாட்டுக்கே உரிய பச்சை ஓணானுக்கு இத்தனை நெருக்கம் வேண்டியதில்லை. லென்ஸ் குவியம் தேடும் தூர எல்லையை அரை மீற்றருக்கு அப்பால் என மாற்றிவிட்டால், அது அங்குமிங்கும் தேடாமல் சட்டென்று கண்ணைப் பிடிக்கிறது. பறவைகளுக்கு மட்டும் இதை நம்பி வாங்க வேண்டாம். வேலியில் கூட்டமாக வந்திறங்கும் வெள்ளைக்கண்ணிகள் படத்தில் புள்ளிகளாகவே விழும்.

நீரும் தூசியும் புகாதவாறு அடைப்பிடப்பட்ட லென்ஸ்தான் என்றாலும், முகப்பில் 67 மில்லிமீற்றர் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் பூட்டியே மழைக்குள் கொண்டுபோகிறேன். நம் ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிப்பதே பெரிய ஆபத்து. முன்பு வைத்திருந்த வேறொரு லென்ஸை அலுமாரிக்குள் மூடிவைத்துத்தான் இழந்தேன். இதைப் பருத்தித் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் பெட்டியில் வைக்கிறேன். இரண்டு மழைக்காலம் கழிந்தும் உட்கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை.